அறுவை அரங்கில் கண்டதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்

தமிழ்நாட்டின் எலும்பு, மூட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

கபடியிலும் கால்பந்திலும் முழங்கால் ஜவ்வு கிழிந்து, உங்களிடம் ஏ.சி.எல். (முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு) அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பயிற்சிக்கு எங்களிடம் வருகிறவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமோ, போலீஸ், ரயில்வே வேலையோ கிடைத்துவிடும் என்று ஆடுகிறவர்கள். அவர்கள் கொண்டுவரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்களுக்கென்று இருப்பது பல நேரம் ஒரே வரி: 'ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்தது, பிசியோதெரபி செய்யவும்.'

அந்த வரியை வைத்துக்கொண்டு முழங்காலை எதுவரை மடக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது? முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் முதல் சில வாரங்களுக்கு 90 பாகைக்கு மேல் மடக்கிப் பாரம் ஏற்றக் கூடாது. அதன் வேர்ப்பகுதியைத் தைத்திருந்தால் 6 வாரம் வரை காலை ஊன்றவே விடாத மருத்துவர்கள் உண்டு. கிழிந்ததற்குப் பதிலாக வைக்கும் புது ஜவ்வுக்குத் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்திருந்தால் அந்தத் தசைக்கு எடைப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுத்திருந்தால் முட்டி போடும்போது முன்பக்கம் வலிக்கும். அதற்குப் பயிற்சியை வேறு மாதிரி அமைக்க வேண்டும். இதையெல்லாம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தவர் நீங்கள். நான் வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து ஊகிக்கிறேன். அந்தப் பையனைக் கேட்டால், "ஸ்க்ரூ வச்சிருக்காங்க சார்" என்பதோடு சரி.

எங்களிடமிருந்து உங்களுக்கு வரவேண்டிய தகவலும் வருவதில்லை. கால் முழுதாக நீளாமல் சில பாகை நின்றுபோவதை முதலில் பார்ப்பது நாங்கள். புது ஜவ்வுக்கு முன்னால் தழும்புச் சதை வளர்ந்து தடுத்தால், எத்தனை வாரம் அழுத்தி நீட்டினாலும் பயனில்லை; உங்களிடம் உடனே திரும்ப வேண்டும். ஆனால், 'டாக்டருக்கே சொல்லித் தருகிறீர்களா' என்ற பேச்சுக்கு அஞ்சி பலர் போனை எடுப்பதில்லை. மின்சிகிச்சைக் கருவியை மாட்டிப் படுக்கவைத்து, அத்தோடு அனுப்பிவிடும் மையங்கள் எங்கள் துறையில் இருப்பதும் உண்மை. உங்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை குறைய அதுவும் காரணம்.

எனக்கு மிகவும் கவலை தருவது 'ஆறு மாதத்தில் ஆடலாம்' என்று நீங்கள் சொல்லியனுப்பும் வார்த்தை. விளையாட்டுக்காரர் காதில் அது மட்டும்தான் விழுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும். புது ஜவ்வு மிகவும் வலுக்குறைந்திருப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். அமெரிக்காவின் டெலவேரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததே. களம் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் சுமார் பாதியாகக் குறைந்தது. தகுதிச் சோதனைகளில் தேறாமல் ஆடியவர்களில் 38 விழுக்காட்டினர் மீண்டும் காயப்பட்டார்கள். தேறியவர்களில் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும், பாடிப்போனவரின் கணுக்காலைப் பிடித்து இழுக்க, முழங்கால் திருகிக்கொள்ளும் ஆட்டத்துக்கு இதை அலட்சியம் செய்ய முடியுமா?

2022 டிசம்பரில் கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்த், முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி பெற்று, 2024 மார்ச்சில்தான் போட்டிக்குத் திரும்பினார். அவருக்குக் கிடைத்த வசதி பொங்கல் கபடி ஆடுகிறவருக்குக் கிடைக்காது. அதை நான் கேட்கவும் இல்லை.

கேட்பது ஒரு பக்கத் தாள். எந்த நாணை எடுத்தீர்கள், மெனிஸ்கஸையும் குருத்தெலும்பையும் என்ன செய்தீர்கள், எந்த வாரம்வரை எதைச் செய்யக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருப்பவர்கள் வாரம் ஒரு நாள் பிசியோதெரபிஸ்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர்களைப் பாருங்கள். ஆட அனுமதிக்கும் நாளை மாதக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். அடிபட்ட காலின் தொடைவலு மறு காலில் 90 விழுக்காட்டையாவது எட்டியதா, ஒற்றைக் காலில் தாவி நிலையாக ஊன்ற முடிகிறதா என்று நாங்கள் அளந்து தருகிறோம். பிறகு இருவருமாக முடிவு செய்வோம்.

உங்கள் நோயாளி என்னிடம் வந்தால் ஆறாம் வாரமும், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மாதங்களிலும் எடுத்த அளவுகள் உங்கள் மேசைக்கு எழுத்தில் வந்து சேரும்.

அன்புடன்,
விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்