முடி வேறு, துளை வேறு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் புருவத்தில் வளையம் மாட்டுவது, தலைக்கு நீலமும் பச்சையும் அடிப்பது பற்றி நீங்கள் சொல்லும் கருத்துகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. இரண்டையும் அடியோடு தடை செய்யுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். அவர்கள் உடம்பு, அவர்கள் விருப்பம் என்கிறார்கள் மற்றவர்கள். முடியையும் துளையையும் ஒரே தட்டில் வைப்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், பிடிக்காத நிறத்தை வெட்டி எறியலாம். காதின் குருத்தெலும்பு கெட்டால் பழைய வடிவம் தானாகத் திரும்பாது. ஆகவே நிறத்துக்காக யாரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டோம். துளை விஷயத்தில் கண்டிப்பாக இருப்போம்.

காதுச் சோணை ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மூக்குக்கு அதைவிடக் கூடுதல். காதின் மேல்பகுதிக்கும் தொப்புளுக்கும் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட. விளையாட்டு வகுப்பில் சிக்கல் இதனால்தான். புதுத் துளையில் நகையைக் கழற்றினால் சீக்கிரமே துளை சுருங்கிவிடும். கழற்றாமல் விளையாடினால் வளையம் சட்டையில் மாட்டிச் சதையைக் கிழிக்கும். மேலே பிளாஸ்திரி ஒட்டினால் சிக்குவது குறையுமே தவிர, பந்து வந்து மோதினால் அடி அடிதான். எனவே சோணையில் குத்துவதானால் நீண்ட விடுமுறையின் முதல் நாளிலேயே குத்திவிடுங்கள். பள்ளி நடக்கும்போது குத்தியிருந்தால், ஆறும்வரை உடல் மோதும் விளையாட்டுகளில் சேர்க்க மாட்டோம்.

காதின் மேல்பகுதியில் குத்த, ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். அந்தத் துப்பாக்கி மழுங்கிய தோட்டை அழுத்தித் திணிக்கிறது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது, சுற்றியுள்ள மெல்லிய உறைதான் அதற்கு ஊட்டம் தருகிறது. உறை நசுங்கிச் சீழ் கட்டினால் குருத்தெலும்பு அழுகிக் காது சுருங்கிப்போகும். தவிர, பிளாஸ்டிக் பாகம் உள்ள துப்பாக்கி, கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் 121 டிகிரி செல்சியஸ் நீராவியைத் தாங்காது. ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியையும், உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம் நகையையும் கேளுங்கள். மலிவு நகைகளில் உள்ள நிக்கல் பலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

குத்தியபின் நாளுக்கு இருமுறை 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) போதும். ஸ்பிரிட், பெராக்சைடு வேண்டாம், ஆறும் தோலையும் அரித்துவிடும். தோட்டைத் திருகிக்கொண்டே இருப்பதும் புண்ணைக் கிளறும். சிவப்பு பரவி, சூடேறி, சீழ் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பதறிப்போய் நகையை நீங்களே கழற்றாதீர்கள், துளை மூடிச் சீழ் உள்ளே அடைபடும்.

நாக்கில் குத்துவதற்கு இந்த வயதில் சம்மதிக்க வேண்டாம் என்றே சொல்வேன். கம்பி இடித்து இடித்துப் பல் உடையும், ஈறு இறங்கும்.

இனி முடி. கருமுடியில் நீலம் தெரிய வேண்டுமானால் முதலில் ப்ளீச் செய்ய வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் முடி வெளுக்கும். ஒரே நாளில் வெளிர் மஞ்சளுக்குக் கொண்டுபோகப் பார்த்து, ப்ளீச்சில் கலக்கும் 12 சதவீத பெராக்சைடை உச்சந்தலை வரை பூசும்போதுதான் தோல் கொப்பளிக்கிறது, முடி பொடிந்து உதிர்கிறது. ஒருநாள் ஆசைக்கு ஹேர் சாக் (முடியின் மேல் தேய்க்கும் வண்ணச் சாக்கட்டி) போதும், தலைக்குக் குளித்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளையின் தலையைப் பார்த்த கோபத்தில் அன்றிரவே கறுப்பு டை அடித்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். நிலையான கறுப்பு டைகள் பலவற்றில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் கடும் ஒவ்வாமையைத் தரக்கூடியது. ப்ளீச் பட்டு எரிந்திருக்கும் தோலில் அதன் ஆபத்து இன்னும் அதிகம். கறுப்பு மருதாணியிலும் பெரும்பாலும் இதே பிபிடிதான், ஆகவே முன்பு அந்த டாட்டூ போட்டு அரிப்போ கொப்புளமோ வந்த பிள்ளைக்கு அந்த டை வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் பெட்டியில் சொன்னபடி 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவரை பச்சைத் தலையோடே வரட்டும், வகுப்பில் இடம் உண்டு.

புதிதாகக் குத்தியிருந்தால் இடத்தையும் தேதியையும் வகுப்பாசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்