சிங்கப்பூர் துவாஸிலிருந்து மாப்ளைக்கு

மாப்ளே,

சுகம்தானே? தங்கச்சியின் முட்டிவலி குறைந்திருக்கிறதா? பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த செய்தி படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"வீட்டைப் பெட்டி பெட்டியாகச் செய்து அடுக்குகிறார்களாமே, செலவு பாதியாகுமா?" என்று கேட்டிருந்தாய். பெட்டி என்றால் பட்டறையிலேயே கான்கிரீட்டில் வார்த்து, உள்வேலையும் முடித்த வீட்டின் ஒரு பகுதி. நேற்று ராத்திரி எங்கள் சைட்டுக்கு வந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். லாரியிலிருந்து கிரேன் தூக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, கண்ணாடிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. இருபது டன்னுக்கு மேல் எடை. கீழே இருக்கிற பெட்டியின் மேல் உட்கார வைத்து, மட்டம் பார்த்து, இணைப்பில் கிரவுட், அதாவது இடைவெளியை அடைக்கும் சிமெண்ட் கலவை, ஊற்றினோம். சாரம் கிடையாது, சென்ட்ரிங் பலகை கிடையாது. இதே ஊரில் கிளிமெண்டி பகுதியில் 2019-இல் முடிந்த கிளெமென்ட் கனோபி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இப்படித்தான் எழுந்தது. ஏறக்குறைய 1,900 பெட்டிகள், 40 மாடியில் இரண்டு கோபுரம், 505 வீடு. கான்கிரீட் கூட்டைப் பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் வார்த்து, உள்வேலையை இங்கே துவாஸில் முடித்தார்கள்.

திருச்சியில் நாம் சேர்ந்து பார்த்த வேலை ஞாபகம் இருக்கிறதா? சுவர் எழுப்பிப் பூசுவோம். பிளம்பர் வந்து அதே சுவரை உடைத்துக் காடி எடுப்பான். மறுபடி பூசுவோம். உடைத்த குப்பையை டிராக்டரில் ஏற்றிக் குளத்தங்கரையில் கொட்டினோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. இங்கே பட்டறையில் ஒரே இரும்பு அச்சில் திரும்பத் திரும்ப வார்க்கிறார்கள். குழாய் எங்கே, ஒயர் எங்கே என்று வார்க்குமுன்பே முடிவாகிவிடும். உடைப்பதற்கு வேலையே இல்லை. உலகத்தில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு மட்டும் நூற்றுக்கு ஏழெட்டு. அந்தச் சிமெண்டை உடைத்துக் குப்பையாக்காமல் இருப்பதே பெரிய காரியம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிக்குத் தனித்தனிச் சுவர் என்பதால் சில இடத்தில் கான்கிரீட் கூடவே பிடிக்கிறது. பட்டறை, அச்சு, பெரிய கிரேன், லாரி என்று முதலில் போடும் பணமும் அதிகம். சிங்கப்பூரிலேயே வழக்கமான கட்டுமானத்தைவிட இது ஆரம்பத்தில் விலை கூடுதலாகத்தான் இருந்தது. மிச்சம் கிடைப்பது நாளிலும் ஆள்கூலியிலும். அஸ்திவாரம் போடும்போதே பட்டறையில் மேல்மாடி தயாராகிவிடும். கூலி அதிகமான ஊரில், ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் வீடு கட்டும்போது அது கட்டுப்படியாகிறது.

நம் பக்கமும் ஆரம்பித்துவிட்டார்கள். சென்னைப் பெரும்பாக்கத்தில் மத்திய அரசுத் திட்டத்தில் 1,152 வீடுகள். முழுப் பெட்டியாக இல்லை. சுவரையும் தளத்தையும் தனித்தனியாக வார்த்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. அடுத்த முறை சென்னை போனால் போய்ப் பார், மூலை சேரும் இடத்தைத் தடவிப் பார்.

உன் இரண்டு ரூம் வீட்டுக்குப் பெட்டி வேண்டாம் மாப்ளே, லாரி வாடகைக்கே காணாது. செங்கல்லிலேயே கட்டு. ஆனால் கொத்தனார் கல் வைப்பதற்கு முன்னால் பிளானைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. குழாயும் ஒயரும் எந்தச் சுவரில் போகவேண்டும் என்று குறித்துத் தருகிறேன். கட்டிய சுவரை உடைக்க விடாதே.

பொங்கலுக்கு வருகிறேன்.

உன் பழைய கூட்டாளி