சேகருக்கு, தபாலில்

அன்பு மகன் சேகருக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பணம் வந்தது.

ராணுவத்தில் நீ நாயக் பதவிக்கு உயர்ந்ததை அம்மா பாதி ஊருக்குச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். அந்தச் சந்தோஷத்தில் மாமா உன் ஸ்டேட்டஸ் போட்டோவை வேறு குரூப்களிலும் போட்டிருக்கிறார். பின்னால் பாலமும் வண்டி நம்பரும் தெரிகின்றன. முதலில் அதை நீக்கு. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

யூனிட் வேலையும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது என்று லீவில் சொன்னாய். ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்த எனக்கு அது புரியாதா? எங்கள் காலத்தில் செய்தியைப் படிவத்தில் எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, சங்கேதமாக்கி, வயர்லெஸ் செட்டில் அனுப்பவேண்டும். பதில் எப்போது வரும் என்று தெரியாது. இப்போது உடைந்த சிறு பாலத்தைப் படம் பிடித்து அனுப்பினால், மேஜர் பார்த்ததும் நீல டிக் விழுகிறது. வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் அதற்குப் போகிறார்கள். 2020-இல் ராணுவமே 'சாய்' என்று ஒரு செய்திச் செயலி கொண்டுவந்தது. ஆனால் அம்மாவும் அக்காவும் அதில் இல்லையே. வீடும் வேலையும் ஒரே போனில் இருந்தால், கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

செய்தி போகிற வழி பத்திரம் என்பாய். சரி, போய்ச் சேர்ந்த போன்? மாற்றலாகிப் போனவனும் பென்ஷனில் வந்தவனும் இன்னும் குரூப்பில் இருப்பான். 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரே ஏமன் தாக்குதலை வாட்ஸ்அப் மாதிரியான சிக்னல் செயலியில் பேசினார். அந்தக் குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறிச் சேர்த்திருந்தார்கள். 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மகீவ்காவில் ஏவுகணை விழுந்து தன் வீரர்கள் 89 பேர் செத்ததாக ரஷ்யா சொன்னது. தடையை மீறி அவர்கள் போனைப் பயன்படுத்தியதில் இடம் தெரிந்துபோனதையே காரணமாகவும் சொன்னது. எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள்.

உளவாளிகள் பெண் பெயரில் போனில் பழகி, படைக் கம்பெனி எங்கே, ரோந்து எப்போது என்று கறந்ததில் ஜவான்கள் சிலர் சிறைக்கே போயிருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு நீ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது. டூட்டியாக இருக்கும். யாரோடு என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும், ஒரு தடவை இடம் கேட்டால் அன்றைக்கே கம்பெனி கமாண்டரிடம் சொல்லிவிடு. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரிடமாவது சொல். அந்தப் போட்டோவையும் எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு. பெண் வீட்டார் ஐப்பசிக்குள் பதில் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

அப்பா