பின்சில்லுக்குள் புகுந்த கடல்தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளியில் பழைய யப்பான் போர்வீல் வான் ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறேன். புறாமலைக்கு ஆட்களை ஏற்றும் படகுகளை ட்ரெயிலரில் வைத்துக் கடலில் இறக்குவதும் இந்த வான்தான். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல் திறந்தார்கள். விலையை விசாரித்துவிட்டு, இருக்கிற வானையே கவனமாகப் பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

போன மாரியில் குச்சவெளிப் பக்கம் போகும்போது பின்னால் ஓர் இரைச்சல். ரயர் என்று நினைத்து இரண்டு ரயர் மாற்றினேன். காசு போனது, சத்தம் போகவில்லை. வலப்பக்கம் வெட்டினால் கத்தும், இடப்பக்கம் வெட்டினால் அடங்கும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சில்லில்தானே விழும்? இறங்கிக் கையை வைத்தால் இடது பிரேக் டிரம் மட்டும் சுட்டது.

உப்புவெளியில் ஒரு கராஜ் பாஸ் சில்லைச் சுழற்றும் அக்சில் தண்டை வெளியே இழுத்தார். அதைத் தாங்கும் குண்டு பேரிங்கில் கிரீஸ் இல்லை, பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு கூழ். குண்டுகளில் துரு. மாதாமாதம் சேர்விஸ் செய்தும் எப்படி இது? சேர்விசில் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றும் சின்ன முனை, உள்ள இடத்துக்குத்தான் கிரீஸ் கன் வைப்பார்கள். என் வானில் பின் பேரிங்குக்கு நிப்பிளே கிடையாது. பில்லில் 'கிரீஸ்' என்று இருந்ததைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

தண்ணீர் போன வழியையும் பாஸ் காட்டினார். அக்சில் கூட்டின் மேலே மூச்சுவிடுவதற்கென்று சின்னத் துவாரம் ஒன்று உண்டு, ப்ரீதர் என்பார்கள். என்னுடையதில் சேறு இறுகிக் கிடந்தது. ஓடிச் சூடான அக்சிலைக் கடலுக்குள் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும், மூச்சுவிட வழியில்லாவிட்டால் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். இப்போது நான் வந்தவுடன் இறக்குவதில்லை. ஒரு பிளேன்ரீ குடித்து, டிரம் ஆறிய பிறகுதான். ப்ரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி மேலே உயர்த்திக் கட்டியும் விட்டேன்.

பேரிங்கைக் கழற்றுபவர்களுக்கு ஒன்று. மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலரவிட்டு, குண்டுகளுக்கு இடையில் விரலால் அழுத்திக் கிரீஸ் ஏற்ற வேண்டும். பேரிங்கைச் சுற்றியுள்ள வெற்றிடம் முழுவதையும் அடைக்கக் கூடாது, பாதிக்கும் குறைவாகவே போதும். கூடினால் அதுவே சூடேற்றும். பழைய கிரீசின் மேல் வேறு வகையைப் பூசவும் வேண்டாம், சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும். சீலைப் புதிதாகவே போடுங்கள். அதில் மிச்சம் பிடித்தால் ஒயில் பிரேக் சூவில் வடியும், அப்புறம் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சில வான்களில் மூடிய பேரிங். அதற்குக் கிரீஸ் ஏற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

மாரி வெள்ளத்தில் சில்லு முங்க ஓடியவர்களுக்கும் இதே கதைதான். சேர்விஸ் நடத்துபவர்களிடம் ஒரு கேள்வி: எங்கெங்கே கிரீஸ் அடித்தீர்கள், எதைத் தொடவில்லை என்று பில்லில் ஒரு வரி எழுதித் தர முடியாதா?

ஒரு வான் சாரதி,
நிலாவெளி, திருகோணமலை.