பூட்டிய அறையும் கோர்மென்காஸ்ட் கோட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிகைபுனைவு (ஃபேன்டஸி) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, இருளும் அவநம்பிக்கையும் இப்போதைய தொடர்கள் கிளப்பிவிட்ட மோஸ்தர் என்கிறது. பழையவை எல்லாம் ராஜகுமாரன் ஜெயிக்கிற கதைகளாம். எனக்கு ஒப்பவில்லை. வீரர்களின் பல்லை அரிசியாகக் குத்திப் பேய்கள் கூழ் காய்ச்சும் கலிங்கத்துப்பரணி 12-ஆம் நூற்றாண்டு. அது கிடக்கட்டும், ஆங்கிலத்துக்கே வருகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் குரோன்' நாவல் 1946-இல் வந்தது, அதன் தொடர்ச்சியான 'கோர்மென்காஸ்ட்' 1950-இல். மந்திரமும் கிடையாது, டிராகனும் கிடையாது. ஊர் அகலத்துக்குக் கோர்மென்காஸ்ட் என்று ஒரு கோட்டை. அதன் 76-ஆம் பிரபு அன்றன்றைக்கு என்ன சடங்கு செய்ய வேண்டும் என்று ஏட்டில் இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கோட்டைச் சுவருக்கு வெளியே வாழும் மரச்சிற்பிகள் வருஷம் முழுக்கச் செதுக்கியதில் மூன்றை மட்டும் கோட்டைக்கு எடுத்துக்கொண்டு மீதியை எரித்துவிடுவார்கள். அந்த மூன்றும் ஆள் நடமாட்டமில்லாத மாடிக்கூடத்துக்குப் போகும். தூசி தட்ட ஒருவர் இருக்கிறார். பார்க்க வருகிறவர் இல்லை. அடுப்படியிலிருந்து தப்பி, நூலகத்துக்கே தீ வைக்கிற ஸ்டியர்பைக் இதையெல்லாம் உடைப்பான் என்று நினைத்தால், பின்னால் அவனே சடங்குகளுக்கு அதிகாரியாகி ஏட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

தூசி தட்டுகிறவரை எனக்குத் தெரியும். எங்கள் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டில் பன்னிரண்டு புள்ளிக்குப் பங்கு; கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஒரு புள்ளி சிங்கப்பூரில், இரண்டு சென்னையில், இப்படி. கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் வீட்டின் எல்லாக் கட்டும் திறக்கும். மற்ற நாளில் காவல்கார அண்ணன் முகப்பைப் பெருக்கி, விளக்கேற்றி, பூட்டிக்கொண்டு போவார். போன படைப்புக்கு இரண்டாங்கட்டில் அப்பத்தா சாமான் இருக்கும் அறையைத் திறந்தோம். பித்தளை அண்டா, வரிசையாக மங்குக் கிண்ணங்கள். அவருக்குச் சீராக வந்தவை. ஒரு நாள்கூட அடுப்பேறாதவை. கிண்ணங்களுக்கு நடுவே திணித்திருந்த வைக்கோல், கை பட்டதும் பொடியாகிவிட்டது.

பெரியப்பா சாமான் ஏட்டை வாசிக்க, நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினோம். கணக்குச் சரியாக இருந்தது. புது வைக்கோல் வாங்கிவரச் சொல்லி, பழையபடி அடுக்கிப் பூட்டினோம். சாவியை இந்த வருஷம் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கானாடுகாத்தான்.