எங்கள் ஐசியூ ஆயாம்மாக்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆயாம்மாக்கள், சிஸ்டர்கள், வார்டு அண்ணன்கள், டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஐசியூவில் யூரின் டியூப்பால் வரும் தொற்று குறைந்திருப்பதற்கு என்னைப் பாராட்டுகிறார்கள். நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். 1000 டியூப் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் டியூப் இருந்தால் அது ஒரு டியூப் நாள்) எத்தனை தொற்று என்று கணக்கெழுதுகிறவள், அவ்வளவுதான். குறைத்தது நீங்கள். இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதல் நன்றி ஆயாம்மாக்களுக்கு. டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி ஏறுகிறது. அதனால் தேவை முடிந்ததும் டியூப்பை எடுத்துவிடுவதுதான் முக்கியமான தடுப்பு. எடுக்கச் சொல்லி எழுதுவது சுலபம். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு பெட்பேன் வைப்பதும், நனைந்த விரிப்பை மாற்றுவதும், முதுகு துடைத்துத் திருப்பிப் படுக்க வைப்பதும் நீங்கள்தானே! டியூப் இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். அது தெரிந்தும் முகம் சுளிக்காமல் செய்தீர்கள்.

அமெரிக்காவில் 603 மருத்துவமனைகள் சேர்ந்து இதே முயற்சியைச் செய்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண வார்டுகளில் தொற்று நன்றாகக் குறைந்தது. ஐசியூக்களில் பெரிய மாற்றமில்லை. ஐசியூ என்றாலே மணிக்கொரு தரம் சிறுநீரை அளந்தாக வேண்டும் என்ற பழக்கம் எங்கும் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் உங்கள் உழைப்பை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

சிஸ்டர்களே, தினமும் காலை ரவுண்ட்ஸில் "இவருக்கு இன்னும் டியூப் வேணுமா டாக்டர்?" என்று கேட்கிறீர்களே, அதற்கு நன்றி. பெரிய டாக்டரிடம் புதிதாகச் சேர்ந்த பெண் அப்படிக் கேட்பதற்குத் தைரியம் வேண்டும். கோபப்படாமல் யோசித்துப் பதில் சொன்ன டாக்டர்களுக்கும் நன்றி. காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாதபோது, சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் லேப் பரிசோதனை) அனுப்புவதையும் நிறுத்தினீர்கள். வீண் ஆன்டிபயாடிக் போவது அதில்தான் நின்றது. கிளெப்சியெல்லா மாதிரி கிருமிகள் பல மருந்துக்கு அடங்காமல், கடைசியில் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடிய கொலிஸ்டின் என்ற மருந்து வரை போக வேண்டியிருக்கிற காலம் இது.

வார்டு அண்ணன்களே, சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டியூப்பில் மாட்டியிருக்கும் பையைக் காலி செய்து, நோயாளியின் வயிற்றின் மேல் வைக்காமல் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டீர்கள். பையில் இருக்கிற சிறுநீர் திரும்பி உள்ளே போகாமல் இருந்தது அதனால்தான். சிறுநீரை அளக்க நோயாளிக்கு ஒரு ஜக் என்று தனித்தனியாக வைத்துக் காத்தவர்களும் நீங்களே.

டயப்பர் வாங்கி வரச் சொன்னபோது காரணம் கேட்டுப் புரிந்துகொண்ட குடும்பத்தாருக்கும் நன்றி.

இரவு டூட்டிக்குக் கூடுதலாக ஆயாம்மாக்கள் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நன்றியுடன்,
உங்கள் தொற்றுத் தடுப்பு நர்ஸ்