உன் மன அழுத்த வரைபடம் குறித்து

அன்பு மகளுக்கு,

உன் கைக்கடிகாரம் வரைந்து தந்த ஒரு மாதத்து மன அழுத்தப் படத்தை அனுப்பி, "பாரும்மா, பாதிக்கு மேல் ஆரஞ்சு நிறம்தான்" என்று எழுதியிருந்தாய். ஆறுதலாக ஒரு வரி உடனே அனுப்பியிருக்கலாம். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டவணைகளை நிரப்பியே பணிக்காலத்தைக் கழித்த செவிலி நான் என்பதால், படத்தைப் பார்த்ததும் ஆறுதலுக்கு முன்பாகக் கேள்விகளே எழுந்தன.

அந்தக் கடிகாரம் உன் மனத்தை அளக்கவில்லை. அதன் அடியில் மின்னும் பச்சை ஒளி, தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறைவதைக் கொண்டு நாடித் துடிப்பைக் கணிக்கிறது; ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து அழுத்தத்துக்கு ஓர் எண் தருகிறது. நிதானமாக இருக்கும்போது அந்த இடைவெளி மூச்சோடு சேர்ந்து நீண்டு குறுகிக்கொண்டே இருக்கும். உடல் பரபரப்பில் இருக்கும்போது ஏறக்குறைய ஒரே சீராகிவிடும். இது உண்மையான அளவுதான். ஆனால் தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வரப்போகிறதென்றாலும், மாடிப்படி வேகமாக ஏறினாலும், நல்ல செய்தி கேட்டுத் துள்ளினாலும் அதே ஆரஞ்சு வரக்கூடும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கணக்கை வைத்திருப்பதால் தோழியின் எண்ணோடு உன் எண்ணை ஒப்பிடுவதிலும் பயனில்லை. உன் முந்தைய வாரங்களோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்.

கடிகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீயும் ஓர் எண் எழுது. 0 முதல் 10 வரை, நாளைக்கு மூன்று வேளை, குறித்த நேரத்தில். பதற்றம் வரும்போது மட்டும் எழுதினால் வாழ்க்கை முழுவதும் பதற்றமே என்றுதான் அந்தத் தாள் சொல்லும். உடலுக்கும் ஒரு கடிகை உண்டு: அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்னும் சுரப்பு, விழித்த அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பின்பு பகல் முழுவதும் இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். ஒரு நாள் எழுந்தவுடனும் மறுநாள் பத்து மணிக்கும் குறித்த எண்களை அருகருகே வைத்தால் குழப்பமே மிஞ்சும்.

இரவில் படுக்கும்முன் மொத்த நாளுக்கும் சேர்த்து ஒரே எண் போடலாமே என்று கேட்பாய். உளவியலாளர் டேனியல் கானமனும் மருத்துவர் டொனால்ட் ரெடெல்மையரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பெருங்குடல் பரிசோதனையின்போது நோயாளிகளிடம் நிமிடத்துக்கு ஒருமுறை வலியின் அளவைக் கேட்டுக் குறித்தார்கள். பிறகு நினைவிலிருந்து கேட்டபோது, வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கணக்கில் வரவே இல்லை. உச்ச வலியும் கடைசி நிமிடங்களின் வலியுமே மதிப்பீட்டை முடிவு செய்தன. அலுவலகம் விட்டுக் கிளம்பும் நேரத்தில் வந்த ஒரு கசப்பான சொல், அமைதியாகக் கழிந்த காலைப்பொழுதையும் அப்படித்தான் விழுங்கிவிடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுது. அந்த வரியில் நடந்ததை எழுது, காரணத்தை எழுதாதே. "வேலை நரகம், 7" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது. "மாலை 4 மணி, 7. அறிக்கையில் மூன்றாம் முறையாகத் திருத்தம் கேட்டார்கள். இரவு சரியாகத் தூங்கவில்லை" என்று எழுதினால், திருத்தமா தூக்கமா என்று பின்னால் தாளே காட்டிக்கொடுக்கும். பெரிய சம்பவங்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலக் குறைபாட்டின் அறிகுறிகளை முன்கூட்டிக் காட்டுவதில், மரணம், மணமுறிவு போன்ற பெரும் நிகழ்வுகளைவிட அன்றாடச் சில்லறைத் தொல்லைகளே மேலாக இருந்தன.

வரையும் விதத்தில்தான் எனக்கு உன் செயலியோடு சண்டை. அது ஒவ்வொரு நாளும் அளவுகோலை நீட்டிச் சுருக்குகிறது. அதனால் 3-லிருந்து 4-க்கு ஏறியதுகூட மலைபோல் தெரிகிறது. உன் படத்தில் 0 முதல் 10 வரை எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். கோடு இழுப்பதைவிடக் கட்டம் போடுவதே நல்லது: ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை, ஏழு கிழமைக்கு ஏழு கட்டங்கள், ஒரே நிறத்தை அன்றைய மூன்று எண்களின் சராசரிக்கேற்ப வெளிறவோ கருக்கவோ தீட்டு. குறுக்கே படித்தால் அந்த வாரம் தெரியும். மேலிருந்து கீழே படித்தால் செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கருத்திருப்பது தெரியும். கோட்டுப் படத்தில் இது கண்ணில் படவே படாது.

காய்ச்சலை நாங்கள் படித்ததும் இப்படித்தான். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் பல்லாயிரம் நோயாளிகளின் உடல் வெப்பத்தைத் தொடர்ந்து குறித்து, காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறியே என்று 1868-இல் எழுதினார். ஒரு தடவை அளந்தால் 102 டிகிரி வெறும் 102 டிகிரிதான். ஒரு வாரம் புள்ளி வைத்துப் பார்த்து, அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறுகிறதென்றால் மலேரியாவைச் சந்தேகிக்கலாம். உன் ஆரஞ்சு நாட்களிலும் நீ தேட வேண்டியது உயரத்தை அன்று, திரும்பி வரும் முறையை.

முறை புலப்பட்டதும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். சில வாரங்கள் விடாமல் பார். மிக மோசமான ஒரு வாரத்துக்கு அடுத்த வாரம், நீ எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சற்று இலகுவாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் தொடங்கிய மூச்சுப் பயிற்சிக்குப் பெருமை போய்ச் சேர்வது வழக்கம். (பயிற்சி நல்லதுதான், செய், சான்றிதழை மட்டும் அவசரமாகக் கொடுக்காதே.)

இரண்டு வாரம் வெளிறிய கட்டமே இல்லாமல் போய், தூக்கமும் கெட்டு, பிடித்த காரியத்திலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் படம் வரைந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போ. அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல், அவருக்கு அது உதவும். எழுதுவதே சுமையாகிவிட்டால் சில வாரங்கள் நிறுத்திவிடு.

இன்னொன்று: இனிமேல் அந்தப் படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். அம்மா பார்ப்பாள் என்ற நினைப்போடு வைக்கும் புள்ளி, 8-இல் இருக்க வேண்டியது 5-இல் வந்து உட்காரும். தலைமை மருத்துவர் சுற்றி வரும்போது "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் வாசல் தாண்டியதும் வலி மாத்திரை கேட்பவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தாள் உன்னிடமே இருக்கட்டும். தொலைபேசியில் பேசும்போது எந்தக் கிழமை கருத்திருக்கிறது என்று சொல்லத் தோன்றினால் சொல். நானாகக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா